விலகிய காரணம்

யாழ்ப்பாணம்
14.11.2021

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முதுகு நோவு எப்படி? உம்மாவுக்கும் தம்பிக்கும் என் சலாம். நானும் ஸைனம்பு மாமியும் சுகம்.

போனை மாமியின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏ.எல் என்ற உயர்தரப் பரீட்சை முடியும்வரை அது அங்கேதான். போனில் நீங்கள் கதைப்பதே மூன்று சொல்: "சாப்பிட்டியோ, படிக்கிறியோ, வைக்கிறன்." கடிதம் என்றால் ஒரு பக்கமாவது எழுத வேண்டி வரும். நௌபர் நானா பழைய இரும்பு ஏற்றும் உங்கள் லொறியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிறார்தானே. அவர் கொண்டு வருவார்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நீங்கள் கேற்றுக்கு வெளியே லொறியிலேயே இருந்துவிட்டீர்கள். உள்ளே நடந்ததை மாமி சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். பதினோராம் வகுப்புக்கு இடையில் பிள்ளை எடுக்க முடியாது என்றார்கள். வாப்பா இங்கே படித்தவர் என்று மாமி சொன்னதும் யாகோப்பு கிளாக்கர் பழைய சேர்வு இடாப்பை, அந்தப் பெரிய பதிவுப் புத்தகத்தை, எடுத்துத் தூசி தட்டினார்.

"ஓம், கிடக்கு. ஹுஸைன் றஹீம். ஏழாம் வகுப்பு. விலகினது தொண்ணூறாம் ஆண்டு டிசம்பர். காரணம், தொடர்ந்து வராமை."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இப்ப இந்தப் பிள்ளையைச் சேர்ப்பியளோ, மாட்டியளோ?"

சேர்த்துவிட்டார்கள். வாப்பா, உங்களிடம் இரண்டு கேள்வி. பல்கலைக்கழகம் போகத் தேவையான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, புத்தளத்தில் அது யாழ்ப்பாணத்தை விடக் குறைவு. கடைசி மூன்று வருடத்தில் கூடுதலாக எந்த மாவட்டத்தில் படித்தோமோ அதுதான் கணக்கு என்கிறார்கள். தெரிந்துகொண்டே ஏன் என்னை இங்கே கொண்டு வந்து விட்டீர்கள்? இரண்டாவது, நீங்கள் "வராமல்" விட்டீர்களா?

உங்கள் மகள்
நதா

புத்தளம்
28.11.2021

அன்பு மகள் நதாவுக்கு வாப்பா எழுதுவது,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். முதுகு பரவாயில்லை. தம்பிக்குத் தடிமன் வந்து மாறிவிட்டது.

உம்மா கருவாடும் இரண்டு தேங்காயும் அனுப்பியிருக்கிறா. கருவாட்டை மாமி வெயிலில் ஒருமுறை காயவைத்து எடுக்கட்டும்.

உன் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்று வர வேண்டும். அதுதான் என் விருப்பம். அதிகம் கேட்காதே. பழைய புத்தகங்களைக் கிண்டாமல் புதுப் புத்தகங்களைப் படி.

பக்கம் நிரம்பவில்லை. அடுத்த முறை நிரப்பப் பார்க்கிறேன்.

வாப்பா

யாழ்ப்பாணம்
06.02.2022

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமா? எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. மாமி கொத்தமல்லி அவித்துத் தந்தே கொன்றுவிட்டார்.

நான் படிக்கும் ரியூசன் கொட்டிலைப் பற்றி எழுதுகிறேன். தகரக் கூரை, நூற்றிநாற்பது பிள்ளைகள், ஒரு மைக். வாசலில் மருத்துவபீடம் போன பிள்ளைகளின் படங்கள் ஆளுயரத்துக்கு. போகாத ஆயிரம் பேரின் படம் எங்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம்தான் நடக்கிறது. மிச்சத்தைச் சொல்லித்தர அதே ஆசிரியர் இங்கே வருகிறார்.

டினேஸ் என்று ஒருவன் முன்வாங்கில் இருக்கிறான். தகப்பன் டொக்டர். இவனுக்குப் பள்ளிக்கூடம் முல்லைத்தீவில். பெயர் மட்டும் அங்கே, ஆள் முழுநாளும் இங்கே. அங்கே வெட்டுப்புள்ளி குறைவு. அந்த ஊரில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிற ஒரு பிள்ளையின் இடத்தை இவன் இங்கே குளிரூட்டிய அறையில் இருந்து எடுக்கப் போகிறான். ஒருவருக்கும் வெட்கம் இல்லை. அவன் குறைந்த புள்ளியைத் தேடிப் போகிறான், நான் கூடிய புள்ளியைத் தேடி வந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கொட்டிலில். சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது.

புத்தளத்தில் எங்களை "அகதி" என்றார்கள். இங்கே என் பெயர் "புத்தளத்துப் பிள்ளை". எங்கே போனால் எனக்கு நதா என்று பெயர் வரும்?

நல்லதும் ஒன்று உண்டு. பண்டத்தரிப்பில் இருந்து பஸ்ஸில் வரும் அபிகாயில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறாள். அவள் தகப்பன் ஒரு சபையில் போதகர். கணக்கில் அவள் வேகம், நான் நிதானம்.

மாமி ஒரு விஷயம் சொன்னார். நம் காணியின் வடக்கு மதிலைப் பக்கத்து வீட்டார் திருத்திக் கட்டியபோது அது மூன்று அடி உள்ளே வந்துவிட்டதாம். அவர்கள் இல்லை என்கிறார்கள். உங்களுக்கு எல்லை ஞாபகம் இருக்கிறதா?

நதா

யாழ்ப்பாணம்
29.06.2022

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். என் போன கடிதத்துக்கு ஏறத்தாழ ஐந்து மாதமாகப் பதில் இல்லை. டீசல் இல்லை, லொறி ஓடவில்லை என்று தெரியும். மாமியின் போனில் உம்மா "எல்லாரும் சுகம்" என்று சொன்னா. அந்தக் குரலில் சுகம் இல்லை. ஆகவே இதைத் தபாலில் போடுகிறேன்.

பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். மின்வெட்டில் படித்தோம். மாமி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, அந்த வரிசையிலேயே ஒரு சட்டைக்குக் கைத்தையல் முடித்துவிட்டு வந்தார்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அபிகாயில் கேட்டாள்: "நீங்கள் எல்லாரும் ஏன் புத்தளம் போனனீங்கள்? வியாபாரத்துக்கு எண்டுதான் எங்கடை வீட்டிலை சொன்னவை."

"வியாபாரத்துக்கோ? தொண்ணூறிலை துவக்கோடை வந்து இயக்கம் ரெண்டு மணித்தியாலம் தந்தது. முஸ்லிம் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிடோணும், கையிலை ஒண்டும் கொண்டு போகக் கூடாது எண்டு. அதுதான் வியாபாரம்."

பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. பிறகு, "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். நம்புகிறேன். ஒருவரும் சொல்வதில்லைதானே. நீங்களும் சொல்வதில்லை. எனக்கே இது உம்மா சொல்லித்தான் தெரியும்.

எழுதுங்கள் வாப்பா. மூன்று சொல் என்றாலும் பரவாயில்லை.

நதா

புத்தளம்
20.08.2022

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் தபால் கிடைத்தது. பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதே. சுகத்துக்குக் குறைவில்லை. உம்மா கொஞ்சம் மெலிந்திருக்கிறா, ஊர் முழுக்க மெலிந்துதான் இருக்கிறது.

டீசல் வரிசையில் ஒருமுறை ஆறு நாள் நின்றோம். சும்மா இருக்க ஏலாமல் தம்பியின் ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை லொறியில் வைத்திருந்தேன். ஆறு நாளில் பாதிப் புத்தகம் செய்தேன். பின்னங்கள் விளங்கின. அட்சரகணிதம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் வகுப்பிலும் அந்தப் பாடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நௌபர் பார்த்துச் சிரித்தான்: "முதலாளி என்ன, சோதினை எடுக்கப் போறியளோ?"

நீ அபிகாயிலோடு சண்டை பிடிக்காதே. அவள் பிள்ளை.

வடக்கு எல்லையில் ஒரு மாதுளை நின்றது. அது நம்முடையது. மதில் அதற்கு அந்தப் பக்கம்.

வாப்பா

யாழ்ப்பாணம்
02.12.2022

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாவா? எனக்குச் சுகத்துக்கு என்ன குறை, மாமி புட்டு அவிக்கும்வரை.

பெறுபேறு உங்களுக்குத் தெரியும். எட்டு A, ஒரு B. அந்த B வரலாற்றுக்கு. எங்களுக்கும் வரலாற்றுக்கும் சரிவராது வாப்பா.

கணிதப் பிரிவு எடுத்திருக்கிறேன். வகுப்பாசிரியர் பயோ எடுக்கச் சொன்னார். பொம்பிளைப் பிள்ளைக்கு அதுதான் நல்லதாம். பள்ளிவாசல் பக்கத்தில் இருந்து ஒருவர் மாமியிடம் வந்து, கலைப்பிரிவு எடுத்தால் வீட்டுக்குக் கிட்ட ரீச்சர் ஆகலாம் என்று சொன்னார். மாமி அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, "உங்கடை மகன் என்ன எடுத்தவர்?" என்று கேட்டார். அவன் மூன்று பாடம் பெயில். தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பொறியியல் படிக்க வேண்டும். சொல்லிவிட்டேன். இனி மாற்ற மாட்டேன்.

மாதுளை இப்போது இல்லை. ஆனால் மதிலின் அந்தப் பக்கத்தில் ஒரு அடிக்கட்டை தெரிகிறது.

நதா

புத்தளம்
18.12.2022

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். யாவரும் நலம். உம்மா உன் பெறுபேற்றுத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுவிட்டா. B தெரியாமல் இருக்க ஓரத்தில் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறா.

ஒரு விஷயம். பொறியியல் என்று நீ எழுதிய பிறகு எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. விசாரித்தேன். இங்கே வெட்டுப்புள்ளி நன்றாகக் குறைவுதான். நீ இப்போது திரும்பி வந்தால் இங்கே இரண்டு வருடம் படித்த கணக்கு வரும், புத்தளம் மாவட்டப் பிள்ளையாக எழுதலாம். இங்குள்ள அதிபரிடம் கதைத்துவிட்டேன். ஜனவரி பத்தாம் திகதிக்குள் வந்தால் இடம் தருவார். நௌபர் 8ஆம் திகதி அங்கிருந்து திரும்புகிறான். சாமான்களைக் கட்டி வை.

நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். அது கேட்கக் கூடாதது. என் ஆசைக்கு நீ புள்ளி கொடுக்கத் தேவையில்லை.

வாப்பா

யாழ்ப்பாணம்
08.01.2023

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நௌபர் நானா வாசலில் லொறியை நிறுத்தி ஹோர்ன் அடிக்கிறார். இந்தக் கடிதம் மட்டும்தான் அவரோடு வரும். நான் வரவில்லை.

உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம். நினைத்தீர்கள் என்றால் அந்தப் பாரத்தையும் நான்தான் சுமக்க வேண்டும். எனக்காகத்தான். இங்கே இணைந்த கணிதம் படிப்பிக்கும் பிரசாந்தி ரீச்சர் பள்ளிக்கூடத்திலேயே முழுப்பாடமும் நடத்துகிறா, ரியூசனுக்கு மிச்சம் வைப்பதில்லை. அப்படி ஒரு ஆளை விட்டுவிட்டு வர எனக்கு விசரா? அபிகாயிலும் நானும் ஒருநாளைக்கு ஒரு கடந்தகால வினாத்தாள் என்று பந்தயம் பிடித்திருக்கிறோம். அவள் எட்டு முன்னுக்கு நிற்கிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. நேற்று வகுப்பில் புதிதாக வந்த ஒருத்தி என்னைக் காட்டி, "உவ ஆர்?" என்று கேட்டாள். அபிகாயில் சொன்னாள்: "உவவோ? சோனகதெரு நதா." நம் தெருவின் பெயரோடு, புத்தளத்துப் பிள்ளை இல்லை. இதற்கு எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இன்னொரு இடத்தில் முதலில் இருந்து தொடங்க எனக்குப் பொறுமை இல்லை.

ஹோர்ன் அடித்துக் கொண்டே இருக்கிறார். உம்மாவுக்குப் பனங்கட்டி வைத்திருக்கிறேன்.

நதா

யாழ்ப்பாணம்
22.12.2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மழையில் நனைந்து உங்களுக்குக் காய்ச்சல் என்று உம்மா சொன்னா. இஞ்சி போட்டுக் குடியுங்கள்.

ஏ.எல் முடிந்தது. போனை இன்னும் எடுக்கவில்லை. பழகிவிட்டது.

வெள்ளத்தில் பரீட்சையை நிறுத்தி, திரும்பத் தொடங்கிய அன்று தெருவில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர். ஓட்டோ ஒன்றும் வரவில்லை. நானும் மாமியும் வாசலில் நிற்கும்போது தெருமுனையில் உங்கள் லொறி திரும்பியதைக் கண்டேன். ஆனையிறவு தாண்டி எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் "ஏறு" என்று மட்டும் சொன்னீர்கள். வழியில் அபிகாயிலையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் பின்னால் ஏற்றினோம். வெள்ளைச் சட்டையோடு பழைய பற்றரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனார்கள். அபிகாயிலின் பாவாடையில் துரு. "நதாடை வாப்பா, உங்கடை லொறியிலை போன முதல் நல்ல சாமான் நாங்கள்தான்" என்று கத்தினாள். நீங்கள் சிரித்தீர்கள். வாய்விட்டு நீங்கள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது லொறி அதே இடத்தில் நின்றது. மூன்று மணித்தியாலமும் மழைக்குள் கேற்றுக்கு வெளியே நின்றதாகக் காவலாளி சொன்னார். "உள்ளுக்கு வந்து ஒதுங்குங்கோ ஐயா எண்டனான், வரமாட்டன் எண்டிட்டார்."

உங்களிடம் காரணம் கேட்க நினைத்தேன். நீங்கள் தேத்தண்ணீர் வாங்கித் தந்தீர்கள். கேட்கவில்லை.

நதா

யாழ்ப்பாணம்
05.10.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நானும் மாமியும் நல்ல சுகம். தம்பி ஓ.எல்லுக்குப் படிக்கிறானா, கிரிக்கெட் அடிக்கிறானா?

ஏப்ரலில் பெறுபேறு வந்தபோது ஒரு A, இரண்டு B என்று துள்ளினோம். இப்போது வெட்டுப்புள்ளியும் வந்துவிட்டது. யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் பொறியியல் எனக்குக் கிடைக்கவில்லை. நில அளவை கிடைத்திருக்கிறது. பெலிஹுல் ஓயாவில், சபரகமுவ பல்கலைக்கழகம். நான் போட்டிருந்த மூன்றாவது விருப்பம். நாலு வருடம்.

முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் அந்தப் பாடத்திட்டத்தை வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வடக்கு மதிலில் ஏறி இருந்து அந்த மாதுளை அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கேட்டார்: "என்ன பிள்ளை, விசரோ?" "இல்லை மாமி, வேலை பார்க்கிறன்" என்றேன். நாலு வருடம் கழித்து அந்த மூன்று அடியை அளந்து, படம் கீறி, என் கையெழுத்தைப் போட்டுப் பக்கத்து வீட்டாரிடம் கொடுப்பேன். நினைக்க நினைக்க நன்றாக இருக்கிறது. உண்மையாகச் சந்தோஷமாக இருக்கிறேன்.

அபிகாயிலுக்கு இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்ப எழுதப் போகிறாள். என்னுடைய கொப்பிகள் எல்லாம் பண்டத்தரிப்புக்குப் போய்விட்டன. டினேஸுக்கு முல்லைத்தீவுக் கணக்கில் பொறியியல். ரியூசன் வாசலில் அவன் படம் தொங்குகிறது. தொங்கட்டும்.

வேறு எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியையும் நான் பார்க்கவில்லை.

நதா

புத்தளம்
19.10.2025

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். உம்மா தெரு முழுக்கச் சவ்வரிசிக் கஞ்சி கொடுத்துவிட்டா. நில அளவை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, "காணி களவெடுத்தவனைப் பிடிக்கிற படிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறா.

உன் பெயரும் பக்கத்தில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்றும் உள்ள தாளை நௌபர் அச்செடுத்துத் தந்தான். சேர்ட் பொக்கற்றில் வைத்திருக்கிறேன். வியர்வையில் நனைகிறது. இன்னொன்று எடுக்க வேண்டும்.

நானும் வேறு மாவட்டம் ஒன்றும் பார்க்கவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். வெட்டுப்புள்ளியில் தசமம் ஒன்று ஒன்று வித்தியாசம் என்றால் பரீட்சையில் எத்தனை கேள்வி வரும்? சும்மா அறியத்தான்.

வாப்பா

யாழ்ப்பாணம்
02.11.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதுகு நோவு குறைவா? நான் சுகம். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

தசமம் ஒன்று ஒன்றுக்கு ஒரு கேள்வியும் வராது. அந்த எண் எனக்கும் தெரியும் வாப்பா. புத்தளத்தில் எழுதியிருந்தால் அவ்வளவு மிச்சத்தோடு பொறியியலுக்குள் போயிருப்பேன். வெட்டுப்புள்ளி வந்த அன்றே பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டோம், சரிக்குச் சரி. இருக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. வரச் சொல்லித்தான் கேட்டீர்கள். இருந்தது நான்.

போன கிழமை விடுகைப் பத்திரம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். யாகோப்பு கிளாக்கர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறாராம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"விலகின காரணம் என்ன போட?"

"பல்கலைக்கழக அனுமதி."

வடிவான கையெழுத்தில் எழுதினார். இடாப்பிலும் எழுதினார். "வேறை என்ன பிள்ளை?"

"இன்னொரு விடுகைப் பத்திரம் வேணும்."

"ஆருக்கு?"

"ஹுஸைன் றஹீம். ஏழாம் வகுப்பு."

பேனையைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருசம் கழிச்சோ?"

"முந்தி வந்து கேக்க வசதிப்படேல்லை."

எழும்பிப் போய் அந்தப் பழைய இடாப்பை எடுத்து வந்தார். நான்தான் தூசி தட்டினேன். "வராமை எண்டு எழுதிறதெண்டா எனக்கு வேண்டாம்" என்றேன்.

"இடாப்பிலை கை வைக்கேலாது. அதிலை கிடக்கிறதை விட்டு வேறை காரணம் எழுதவும் ஏலாது." அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். "அந்த வகுப்பிலை உப்பிடிப் பதினாலு பேர் கிடக்கு. எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே காரணம். நான் இஞ்சை வேலைக்கு வந்த காலத்திலை இருந்து இந்தப் பக்கத்தைக் கண்டிருக்கிறன். ஒருத்தரும் வந்து கேட்டதில்லை." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒண்டும் எழுதாமல் விடலாம்."

அப்படியே விட்டு, அதிபரிடம் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தித் தந்தார். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உங்கள் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, நடத்தை "மிக நன்று" எல்லாம் உண்டு. விலகிய காரணம் என்ற இடம் மட்டும் வெறுமை.

அதை நீங்கள் எழுதுங்கள். ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. காணாவிட்டால் பின்பக்கமும் வெறுமைதான். ஏ.எல் எழுதிய பேனையைக் கூடவே வைத்திருக்கிறேன், மை இன்னும் இருக்கிறது. நௌபர் நானா அடுத்த முறை வரும்போது கொடுத்துவிடுங்கள். பெலிஹுல் ஓயாவுக்கு என்னுடையதோடு அதையும் கொண்டு போகிறேன்.

உங்கள் மகள்
நதா